அஜூன்

தணிக்கை வாரியத்தின் கடிதத்தில் பதினோரு குறிப்புகள்.
ஏழாவது இப்படி:
இரண்டாம் ரீல், படுக்கையறை,
நாயகி சொல்லும் சொல்லை நீக்கவும்.
முனகலைப் பாதியாகக் குறைக்கவும்.

பாதி என்றால் எவ்வளவு என்று
தயாரிப்பாளர் என்னைக் கேட்டார்.
நான் ஒலித்தொகுப்பு செய்பவள்.
முனகல் என் திரையில்
ஒன்பது நொடி நீளமுள்ள ஒரு பச்சைக் கோடு.
நாலரை, என்றேன்.
நாலரையில் நிறுத்தினால்
மாடிப்படி ஏறி வந்தவளின் இரைப்பு போல இருக்கும்,
அதையும் சொன்னேன்.
மாடிப்படிக்கு ஆட்சேபம் வராது என்றார்.

அதே படத்தில் அவளுடைய கொழுந்தன்
ஒருவனைப் பதினான்கு முறை வெட்டுகிறான்.
தர்பூசணியைக் கொத்திக் கொத்தி
அந்தச் சத்தத்தை நான்தான் செய்தேன்.
முழங்கை வரை சாறு.
கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.
இரண்டு முறை தேடினேன்.

சொல், அஜூன்.
மராத்தியில் இன்னும் என்று பொருள்.
மழை இன்னும் விடவில்லை என்பதற்கும் அதுதான்,
பால்காரர் இன்னும் வரவில்லை என்பதற்கும்.
படத்தில் கரும்பு வெட்டும் ஒருத்தி
விளக்கை அணைக்காமல்
கணவனின் காதருகே சொல்கிறாள்.
கெஞ்சலாக அல்ல.
உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்பது போல.

வாரியத்தில் ஒரு பெண்மணியும் உண்டு.
எனக்கொன்றும் இல்லை,
மருமகனோடு உட்கார்ந்து எப்படிப் பார்ப்பேன் என்றாராம்.
மாற்றுச் சொல்லைத் தந்ததும் அவர்தான்:
நகோ என்று வைத்துக்கொள்ளுங்களேன்.
நகோ என்றால் வேண்டாம்.

கோரேகாவுக்கு வைஜயந்தா கும்பாரை வரவழைத்தோம்.
திரையில் இருப்பவளுக்கு மராத்தி வராது,
தொண்டை வைஜயந்தாவுடையது.
இருபத்திரண்டு வருடமாக
யார் யாருக்காகவோ அழுதிருக்கிறாள்,
பிள்ளை பெற்றிருக்கிறாள், கிணற்றில் விழுந்திருக்கிறாள்.
அஜூன் கேட்டது அந்த ஒருமுறைதான்,
ஒரே டேக்கில்.

முதல் நகோ அழுகையாக வந்தது.
இரண்டாவது கொஞ்சலாக. இயக்குநருக்கு அது பிடித்தது.
அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
வேண்டாம் என்கிறாள்,
அவன் நிறுத்தவில்லை, காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது.
இதற்கு அனுமதி உண்டா?

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தோம்.
ஒருவர் டீ சொல்லப் போனார்.
நான் திரையைப் பெரிதாக்கினேன்.

பொருந்தாது என்றுதான் நம்பியிருந்தேன்.
பொருந்தியது.
இரண்டு சொல்லிலும் முதலில் வாய் திறக்கிறது,
பிறகு உதடு குவிகிறது.
இரண்டு ஃபிரேம்தான் பிசகு,
அதையும் கொலுசுச் சத்தத்தில் மறைத்தேன்.
என் வேலை சுத்தமாக இருக்கும் என்பார்கள்.

நாசிக்கில் முதல் நாள், மதியக் காட்சி.
அவள் நகோ என்றதும்
பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.
எனக்கு முன்னால் இருந்த பெண்
பாப்கார்ன் பொட்டலத்தை மடித்தாள்,
மீண்டும் மடித்தாள்,
அது விரல் அகலத்துக்கு வரும் வரை.

இன்னொன்றும் உண்டு.
வெட்டிய நாலரை நொடியை நான் அழிக்கவில்லை.
மின்கட்டண ரசீதுகளின் கோப்புறையில் கிடக்கிறது.

பிறகு, ஒலிப்பதிவு முடிந்த அந்த இரவு,
பதினொன்றரைக்கு வைஜயந்தாவிடமிருந்து
ஒரு குரல்செய்தி.
பெண்கள் பெட்டியின் இரைச்சல்,
யாரோ கொத்தமல்லி ஆய்ந்தபடி
விலைவாசியைத் திட்டுகிறார்கள்.
சம்பளக் கவரில் நூறு ரூபாய் குறைகிறது என்றாள்.
தாணேயில் வண்டி நின்று அரைமணியாகிறது என்றாள்.
அப்புறம் மைக்குக்கு வெகு அருகில் வந்து,
தன் சொந்தத் தொண்டையில்,
அஜூன், என்றாள்,
டோம்பிவிலி வரவில்லை.

அவ்வளவுதான் செய்தி.
சிரிப்பு அதற்குப் பிறகு வருகிறது.
எத்தனை நொடி என்று
நான் அளக்கவில்லை.